கரையாத கோலி

மாயாபந்தரிலிருந்து திக்லிபூர் போகும் பஸ்ஸில் ஏறி, 'மெஷின் பரமசிவம் வீட்டுக்கிட்ட நிறுத்துங்க' என்று சொன்னால் போதும். கண்டக்டர் பெங்காலியோ தெலுங்குக்காரரோ, அந்தப் பெயர் தெரியாதவர் கிடையாது. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் மெஷினை அந்தப் பக்கத்துக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் அவர்தான். மழை விட்டதும் பாக்குத் தோட்டங்களில் புல் இடுப்புக்கு எழுந்துவிடும். உதிர்ந்த பாக்கு எங்கே கிடக்கிறது என்று தெரியாது, பாம்பு எங்கே கிடக்கிறது என்றும் தெரியாது. பரமசிவம் காலையில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு தோட்டத்தைச் சீவி முடித்துவிட்டு, முகமெல்லாம் பச்சைத் தூளாக வெளியே வருவார்.

"அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு வெட்டுங்களேன்" என்று அவர் மனைவி அலமு தினமும் சொல்வாள்.

"அத மாட்டினா வேர்வையில ஆவி புடிச்சிக்குது. கண்ணே தெரியல."

அந்தப் பதிலைப் பிற்பாடு அலமு எத்தனையோ தடவை சொல்லிக் காட்டினாள்.

போன வருஷம், மழை ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில், பிஸ்வாஸ் என்ற பெங்காலிக்காரர் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். புல்லுக்குள் செத்த பவளத் துண்டு ஒன்று கிடந்திருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு. மெஷின் தகடு அதைத் தட்டியது. இடது கண்ணில் யாரோ வெந்நீரை ஊற்றியது போல் இருந்தது என்றுதான் பரமசிவம் சொல்வார். வலி என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதே இல்லை.

மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து சென்னைக்கு. அலமுவின் தம்பி விஜயராஜ் போர்ட் பிளேரில் லம்பா லைனில் இருப்பவன். அவன்தான் கூடப் போனான். பாக்குக் காயப்போட்டிருந்த நேரம், அலமு போக முடியவில்லை.

பரமசிவம் நாற்பத்தேழு வயது வரை மெயின்லேண்டைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கிளம்பி, மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, பிறகு கப்பலேறித் தீவில் இறங்கியவர். மகன் பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணம் கட்டியதும் எல்லாம் இங்கேயே. முதன்முதலாகப் பார்த்த மெயின்லேண்ட், ஒரு கண்ணில் கட்டுப்போட்டு, மறு கண்ணால் ஆட்டோவின் ஓரத்தில் எட்டிப் பார்த்ததுதான். அப்புறம் ஆஸ்பத்திரிச் சுவர். திரும்பி வந்தபோது மகள் சங்கவி திக்லிபூரிலிருந்து போனில் கேட்டாள்.

"மெயின்லேண்ட் எப்டிப்பா இருந்துச்சு?"

"வெள்ளையா இருந்துச்சு."

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, குழி தூர்ந்து போகாமல் இருக்க உருண்டை ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று விஜயராஜ் மருந்து வாங்கப் போயிருந்தான். ஒரு நர்ஸ் வந்து படுக்கை ஓரம் நின்று மளமளவென்று சொன்னாள்: "அண்ணா, உள்ள கோலி மாதிரி ஒண்ணு வச்சிருக்கோம். தையல் தானா கரைஞ்சிரும். சொட்டு மருந்து நிறுத்தக் கூடாது. ஆறு வாரம் கழிச்சு வாங்க, மேல செயற்கைக் கண்ணு வச்சு விடுவாங்க. சீழ், வாடை, வீக்கம் எது வந்தாலும் உடனே டாக்டரப் பாக்கணும்."

பரமசிவம் தலையாட்டினார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "எடுத்தத எங்கம்மா வைப்பீங்க?"

"லேபுக்குப் போயிரும்ணா."

அந்த நர்ஸ் மேல் குற்றமில்லை. தமிழ்நாட்டில் கோலி என்றால் பிள்ளைகள் குழி தோண்டி விளையாடும் கண்ணாடி உருண்டை. தீவில் அதற்குக் கஞ்சா என்று பெயர். இந்தியில் அப்படித்தான், எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கோலி என்றால் இங்கே மாத்திரை. தலைவலிக்குக் கோலி, காய்ச்சலுக்குக் கோலி. 'சாப்பாட்டுக்கப்புறம் ரெண்டு கோலி போட்டுக்க' என்று தமிழர் வீட்டிலேயே பேசுகிறோம். ஆக, கண் இருந்த இடத்தில் ஒரு மாத்திரை வைத்திருக்கிறார்கள், அது தானாகக் கரையும் என்று பரமசிவத்தின் மனதில் பதிந்தது. தையலுக்குச் சொன்னது கோலிக்கு ஆகிவிட்டது.

வைத்திருந்தது ஆயுசுக்கும் கரையாத உருண்டை. அதில் கிருமி ஏறினால் சதை அதை வெளியே தள்ளப் பார்க்கும். தள்ள முடியாத சீழ் பின்பக்கமாகப் போகும். கண் குழிக்குப் பின்னால் மூளை ஒரு சுவர் தள்ளித்தான் இருக்கிறது. இதெல்லாம் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம், காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஈ ஒன்று வலது கண் பக்கம் வர, அந்தக் கண்ணை மூடினார். இருட்டாக வேண்டும். ஆகவில்லை.

இடது பக்கம் வெளிச்சம் இருந்தது. வெள்ளை டைல்ஸ் பதித்த சுவர். சுவரில் ஒரு குழாய். குழாயடியில் ஈரத்தரை, பச்சை வாளி. எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது, அலமாரியின் மேல் தட்டிலிருந்து பார்க்கிற மாதிரி. குழாயிலிருந்து ஒரு சொட்டு உருண்டு, தொங்கி, விழுந்தது. சத்தம் இல்லை.

டீ ஆறிப்போயிற்று. வலது கண்ணைத் திறந்தால் முற்றம், கோழி, காயப்போட்ட பாக்கு. மூடினால் குழாய்.

மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து வாளியை நிரப்பிக்கொண்டு போனாள். தலையின் வகிடும் தோளும்தான் தெரிந்தன. அந்த இடத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று பரமசிவம் அடித்துச் சொல்வார். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது மேலே விளக்குகளைத்தான் பார்த்தார். குழாயைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்க்கவில்லை.

நான்கைந்து நாள் யோசித்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். கண் அங்கேயே இருக்கிறது. லேபில் ஏதோ ஒரு பாட்டிலில், ஏதோ ஒரு தட்டில். அது இன்னும் மூடவில்லை. மூடுவதற்கு அதற்கு இமையும் இல்லை. இமை இங்கே வந்துவிட்டது. இங்கே உள்ளே வைத்த கோலி கரைகிற வரைக்கும் இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு இருக்கும். முழுசாகக் கரைந்தால் அந்தக் கண்ணும் ஒருவழியாக அணைந்து மூடிவிடும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அலமு பயப்படுவாள், ஊர் சிரிக்கும். பிஸ்வாஸ் மந்திரிக்க ஒருத்தனை அழைத்து வந்துவிடுவார்.

ஐந்தாவது வாரம் இமையோரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்தது. பரமசிவத்துக்கு அன்று மனசு லேசாக இருந்தது. கரைய ஆரம்பித்துவிட்டது. சொட்டு மருந்து விட்ட நாளில் கசிவு குறைந்தது; விடாத நாளில் கூடியது. மருந்துதான் கரையவிடாமல் பிடிக்கிறது என்று கணித்துக்கொண்டு, பாட்டிலைச் சமையலறை ஓட்டுக்கு அடியில் செருகி வைத்தார்.

ஆறு வாரம் முடிந்தது. விஜயராஜ் போன் செய்தான். "மச்சான், சென்னைக்கு எப்பக் கெளம்பணும்? கண்ணு வைக்கணும்ல?"

"கப்பல்ல சீட் இல்லையாம்டா. அடுத்த மாசம் பாப்போம்."

தீவில் எல்லாரும் நம்பும் பொய் அது ஒன்றுதான். விஜயராஜும் நம்பினான்.

அலமு அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. முதலில் அவள் கவனித்தது துண்டுகளை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் தன் துணியைத் தானே துவைக்காத மனுஷன், வீட்டுக்குப் பின்னால் போய்த் துண்டு அலசிக் காயப்போடுகிறார். ஒருநாள் துவைக்க மறந்து கயிற்றில் போட்ட துண்டில் எறும்பு சாரை பிடித்திருந்தது. அலமு அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கருவாட்டுக் கூடையின் அடியில் வரும் வாடை.

"என்னங்க இது?"

"கோலி கரையிது. பானியா, தண்ணியா வருது. டாக்டர் சொன்னதுதான்."

"இம்புட்டு நாறுமா?"

"தவாய் மருந்துன்னா நாறாம மணக்குமா?"

"சொட்டு மருந்து விடறீங்களா?"

"முடிஞ்சிருச்சு."

இரண்டு நாள் கழித்து ஓட்டுக்கடியில் பாட்டில் அகப்பட்டது, முக்கால்வாசி அப்படியே. அலமு அந்தப் பாட்டிலை அவர் தட்டுக்குப் பக்கத்தில், ஊறுகாய் வைக்கிற இடத்தில் வைத்தாள். பரமசிவம் குனிந்து சாப்பிட்டார். அவர் இப்போதெல்லாம் சாப்பிடும்போதுகூட வலது கண்ணை அடிக்கடி மூடுவதை அவள் பார்த்திருந்தாள். மூடிக்கொண்டு, எதையோ வேடிக்கை பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். கூப்பிட்டால் திடுக்கிடுவார்.

"யாருகிட்டயோ பேசிட்டு வர மாதிரி இருக்கீங்க."

"தூக்கம்."

"உக்காந்துகிட்டே தூங்கறவரு சிரிப்பாரா?"

அவர் சிரித்தது உண்மைதான். நீலச் சேலைக்காரி அன்றைக்கு வாளியைத் தவறவிட்டுக் காலை நனைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது இடது இமை பலாக்கொட்டை போல் வீங்கியிருந்தது. கன்னம் வரை சிவப்பு. நெற்றிக்குள் யாரோ திருப்புளி வைத்துத் திருகினார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. பல் துலக்கப் போனவர் குமட்டி உட்கார்ந்துவிட்டார்.

"கெளம்புங்க" என்றாள் அலமு.

"இன்னும் கொஞ்சந்தான் பாக்கி, அலமு. ரெண்டு வாரம் பொறு. முடிஞ்சிரும்."

"எது முடிஞ்சிரும்? நீங்களா?"

பஸ்ஸில் அவர் தலையை ஜன்னல் கம்பியில் சாய்க்காமல் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். பக்கத்து சீட்டில் இருந்தவர் கொஞ்ச நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன்னால் போய் நின்றார்.

மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டர் ஷோபனா இருந்தார். மதுரைக்காரர், தீவுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம்தான். இமையைத் தூக்கிப் பார்த்தவர் டார்ச்சை அணைக்கவில்லை.

"எத்தன நாளா இப்படி வருது?"

"மாசம் ரெண்டாச்சு மேடம். நல்லாத்தான் கரையிது."

"எது கரையுது?"

"உள்ள வச்ச கோலி."

"கோலி எப்படிண்ணா கரையும்?"

"கோலின்னா கரையத்தானே மேடம் செய்யும்?" பரமசிவத்துக்குக் காய்ச்சலிலும் கோபம் வந்தது. மேஜையில் கிடந்த மாத்திரை அட்டையைக் காட்டினார். "இது கரையாதா?"

ஷோபனா அட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "ஐயோ அண்ணா, அது மாத்திரை. அவங்க சொன்னது சின்னப் பசங்க வெளையாடற கோலி. உருண்டையா, கண்ணாடியில, குழி தோண்டி அடிப்பாங்களே..."

"அது கஞ்சா இல்ல?"

"என்னது? கஞ்சாவா?"

கட்டுப் போட நின்றிருந்த பெங்காலி நர்ஸ் சிரித்துவிட்டாள். நடுவிரலை வளைத்துச் சுண்டிக் காட்டி, "கஞ்சா மேடம், கஞ்சா. பச்சா லோக் கா" என்றாள். ஷோபனாவுக்கும் சிரிப்பு வந்தது. அலமு மட்டும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மற்ற இருவர் முகத்திலிருந்தும் இறங்கிப்போயிற்று.

ஷோபனா நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். "அண்ணா, வர்றது மருந்து இல்ல, சீழ். உள்ள இருக்கற உருண்டை பாதி வெளிய தெரியுது. அத எடுத்தே ஆகணும். இன்னைக்கே போர்ட் பிளேர் போகணும். தள்ளிப் போட்டா மூளைக்கு ஏறும். ஏறுச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, யாராலயும் முடியாது."

பரமசிவம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "பாதியில எடுத்தா... அது மூடாதே மேடம்."

"எது?"

அவர் வலது கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க" என்றாள் அலமு. "நீங்க வரலன்னா நான் ஆம்புலன்ஸ்ல ஒத்தையாப் போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வருவேனா? ஏறுங்க."

மரங்களுக்கு நடுவே அந்தச் சாலை முடிவில்லாமல் வளைந்து வளைந்து போனது. ஃபெர்ரிக்காக நின்ற இடத்தில் மற்ற வண்டிகளை ஒதுக்கி ஆம்புலன்ஸை முதலில் ஏற்றினார்கள். பரமசிவத்துக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காய்ச்சலில் அந்த இடம் முன்னைவிடத் துலக்கமாக இருந்தது. டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் அழுக்குக் கோடுகூடத் தெரிந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. நிறுத்த யாரும் வரவில்லை. 'குழாய நிப்பாட்டுங்க, யாராச்சும் நிப்பாட்டுங்க' என்று அவர் முனகினார். வண்டியில் குழாய் இல்லை. அலமு அவர் கையைப் பிடித்து, "நிப்பாட்டியாச்சு, நிப்பாட்டியாச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

உருண்டையை எடுத்துவிட்டார்கள். சீழை வழித்துக் கழுவி, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மூன்று நாள் உறுதியாக எதுவும் சொல்லாத டாக்டர், நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும், "தப்பிச்சிட்டார். ஆனா செயற்கைக் கண்ணு இப்போதைக்கு நெனைக்காதீங்க. குழி ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

"எடுத்ததக் காட்டுவீங்களா சார்?" என்றார் பரமசிவம்.

ஒரு மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்து காட்டினார்கள். நெல்லிக்காயைவிடச் சிறிய, வெள்ளை உருண்டை. மேலே மஞ்சளாகப் படலம். ஒரு மயிரிழைகூடக் குறைந்திருக்கவில்லை. பரமசிவம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் இதுவா கரைந்தது? அப்படியென்றால் துண்டு துண்டாகத் துடைத்துப் போட்டது எதை? தன்னையேதான்.

"இத எங்க வைப்பீங்க?"

"எங்கயும் வைக்க மாட்டோம். டெஸ்ட் முடிஞ்சதும் எரிச்சிருவோம்."

"அங்க மெயின்லேண்ட்ல எடுத்த கண்ணயும்?"

"அதையும்தான். எப்பவோ எரிச்சிருப்பாங்க."

டாக்டர் போனபிறகு பரமசிவம் வெகுநேரம் வலது கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோலியும் கரையவில்லை. கண்ணும் இல்லை, சாம்பலாகி மாதம் மூன்றாகிவிட்டது. இப்போது மூடினால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

மூடினார். வெள்ளைச் சுவர். குழாய். ஒரு சொட்டு உருண்டு, தொங்கி, விழுந்தது.

இத்தனை நாள் தன்னுடைய ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்து பார்க்கிறது என்றாவது இருந்தது. இப்போது பார்ப்பது யார்?

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் லம்பா லைனில் விஜயராஜ் வீட்டில் தங்கினார்கள். தினமும் மூன்று வேளை கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் குழியைத் துடைத்து மருந்து போட வேண்டும். அலமுதான் செய்வாள். முதல் நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காட்டுங்க. நான் பாக்காத மூஞ்சியா?"

காட்டினார். பஞ்சு உள்ளே பட்டபோது அவர் வலது கண் தானாக மூடிக்கொண்டது, முகம் பழைய மாதிரி வேடிக்கை பார்க்கும் முகமாயிற்று.

"இப்பவும் தெரியிதா?" என்றாள் அலமு.

பரமசிவம் திடுக்கிட்டார். "என்ன தெரியிது?"

"ஆம்புலன்ஸ்ல பொலம்பிக்கிட்டே வந்தீங்க. குழாயாம், வாளியாம். நீலச் சேல கட்டினவளாம்." அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். "டாக்டர்கிட்ட கேட்டேன். கண்ணு போனவங்களுக்கு இப்படி என்னமாச்சும் தெரியுமாம். மூளை பண்ற வேலையாம். கொஞ்ச நாள்ல போயிருமாம், சில பேருக்குப் போகாதாம்."

"நீ நம்புறியா?"

"மூளை பண்ற வேலன்னா அவ சேல நீலம்னு அது எப்படிக் கண்டுச்சு?"

விமானம் ஒன்று வீட்டுக்கு மேல் தகரம் அதிர ஏறிப்போயிற்று. அலமு அண்ணாந்து பார்த்தாள். அவள் இன்னும் மெயின்லேண்ட் பார்க்கவில்லை.

"போகட்டும் விடுங்க. நம்ம வீட்டுல யாராச்சும் ஒருத்தராவது அங்க இருக்கட்டும். சீட் கெடைக்கலன்னு அலைய வேண்டாம்ல."

பரமசிவத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் குழி வலித்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் எல்லாவற்றையும் சொன்னார்: மேல் தட்டிலிருந்து பார்ப்பது, டைல்ஸ், பச்சை வாளி, அவள் காலை நனைத்துக்கொண்டது, நாள் முழுக்க ஒழுகும் குழாய். அலமு வேறொரு வீட்டுக் கதை கேட்பது மாதிரி இடையிடையே கேள்வி கேட்டாள். அவளுக்கு என்ன வயசிருக்கும்? பூ வைக்கிறாளா? தனியாகத்தான் வருவாளா?

"தண்ணி வீணாப் போகுதே. யாரும் அத இறுக்கி மூட மாட்டாங்களா?"

"மூட மாட்டேங்கறாளே."

அலமு புதுப் பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, அந்த வெற்றுக் குழியை நேராகப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடும் குரலில் சொன்னாள்:

"ஏம்மா, நீலச் சேல! போகும்போது குழாய நல்லா இறுக்கி மூடிட்டுப் போம்மா. இவருக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"ஏய், என்ன அலமு..."

"பாருங்க. மூடினாளா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவரும் விளையாட்டுக்குத்தான் வலது கண்ணை மூடினார். வெள்ளைச் சுவர் இருந்தது. குழாய் இருந்தது. வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பரமசிவம் சொட்டுக்காகக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

குழாயடியில் தரை காய்ந்து கிடந்தது.